சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியில் முதல் வருடம்: சேப்பல், ஜெபக்குழு, விடுதி, கேரல்

சேர்க்கைக் கட்டணம் கட்டி முடித்ததும் ரசீதோடு ஒரு கையடக்கப் புத்தகம் தருவார்கள். சில கல்லூரிகளில் அதற்கு ‘ஹேண்ட்புக்’ என்று பேர், சிலவற்றில் ‘காலண்டர்’. முக்கால்வாசிப் பேர் முதல் பக்கத்தில் பேரையும் ரத்த வகையையும் எழுதிவிட்டு அதை மறந்துவிடுவார்கள். கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தவர் ஒரு ராத்திரி உட்கார்ந்து அதைப் படித்துவிடுவது நல்லது. வகுப்புக் கால அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டவணையும் இங்கே ஓடுகிறது. அதை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை.

புத்தகத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: கல்லூரி ஜெபம், கல்லூரிப் பாடல், வேலைநாள் பட்டியல், அசெம்பிளி மற்றும் சேப்பல் (கல்லூரித் தேவாலய வழிபாடு) நேரங்கள். ஜெபமும் பாடலும் முதல் வாரத்திலேயே எல்லாரும் சேர்ந்து சொல்லவும் பாடவும் வரும். வேலைநாள் பட்டியலில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். வகுப்புகள் ‘டே ஆர்டர்’ கணக்கில், ஆறு நாள் சுற்றாக நடக்கும். நடுவில் ஒரு நாள் லீவு விட்டால் வரிசை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். சேப்பல் பெரும்பாலும் கிழமைக் கணக்கு. புதன்கிழமை சேப்பல் என்றால், அன்று எந்த டே ஆர்டராக இருந்தாலும் புதன்கிழமைதான். அன்றைக்கு மணி அடிக்கும் நேரமும் மாறும், ஒவ்வொரு பீரியடும் ஐந்து பத்து நிமிடம் சுருங்கும். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு ஆய்வகத்துக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போய் நிற்பவர்களை ஜூலை மாதம் முழுக்கப் பார்க்கலாம். தேதி, கிழமை, டே ஆர்டர், அன்று சேப்பல் உண்டா என்ற நான்கையும் ஒரே வரியில் எழுதி, அந்த மாதத்தைப் போன் வால்பேப்பராக வைத்துவிட்டால் தீர்ந்தது.

கட்டாயமா, விருப்பமா?

இந்தக் கேள்வி கிறிஸ்தவரல்லாத மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அவர்கள்தான் பல கல்லூரிகளில் எண்ணிக்கையில் அதிகம் என்றாலும், சேப்பலுக்குப் போக மனமில்லாத கிறிஸ்தவ மாணவருக்கும் இதே கேள்விதான். அரசியல் சாசனத்தின் 28(3)ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ அரசு நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அவர் சம்மதமின்றி மதபோதனையில் பங்கெடுக்கவோ வழிபாட்டில் இருக்கவோ வைக்க முடியாது. மைனர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். முதல் வருடத்தில் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். ஆகவே கையெழுத்து அப்பாவோ அம்மாவோ போடவேண்டியது. 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. வழிபாட்டில் கட்டாயமாக உட்காரவைக்கும் உரிமை அதில் இல்லை.

நடைமுறையில் மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அசெம்பிளி என்பது ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு அறிவிப்புகள். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி அங்கேதான் சொல்லப்படும். பிடிக்காவிட்டாலும் காதைத் திறந்துவைத்து நிற்பது லாபம். சேப்பல் முழு வழிபாடு. மூன்றாவது, ‘வேல்யூ எஜுகேஷன்’ வகுப்பு. இது பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணும் கிரெடிட்டும் உள்ள தாள், எனவே ஒதுங்க முடியாது. ஆனால் பல கல்லூரிகளில் இது இரண்டாகப் பிரியும்: கிறிஸ்தவர்களுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நன்னெறி. எந்தப் பிரிவு என்று சேரும்போதே கேட்டு எழுதிக்கொடுங்கள். செமஸ்டர் நடுவில் மாற்றினால் உள்மதிப்பெண் பதிவில் சிக்கல் வரும்.

விலக்கு வேண்டுமென்றால் வகுப்பு ஆசிரியர் வழியாக முதல்வருக்கு ஐந்து வரிக் கடிதம் போதும். பெயர், வகுப்பு, எதிலிருந்து விலக்கு, அந்த நேரத்தில் எங்கே இருப்பேன் (நூலகம் என்று எழுதுங்கள்), காப்பாளர் கையெழுத்து. காரணத்தை விளக்கி இரண்டு பக்கம் எழுத வேண்டாம், விவாதம்தான் வளரும். சேர்க்கைப் படிவத்திலேயே ‘கல்லூரியின் வழிபாடுகளில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருந்து அதில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். முதலில் அதைப் பாருங்கள்.

யார் தொடங்கிய கல்லூரி?

‘கிறிஸ்தவக் கல்லூரி’ என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஒன்றுக்கொன்று பழக்கம் வேறு. தொடங்கிய மிஷன் எது என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் வழி. அந்த வழியில் வந்த இடங்களில் வழிபாட்டுக்கு அச்சிட்ட ஒழுங்கு உண்டு. பாவ அறிக்கை, சங்கீதம், விசுவாசப் பிரமாணம், முழங்கால் போடும் இடம் எல்லாம் வரிசையாக வரும், புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் தொலைந்துபோக மாட்டீர்கள். நாகர்கோவில் ஸ்காட் லண்டன் மிஷன் வழி. மதுரை அமெரிக்கன் கல்லூரியும் 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் அமெரிக்க மதுரை மிஷன் வழி. அங்கெல்லாம் பிரசங்கத்துக்கும் எழுதாமல் சொல்லும் ஜெபத்துக்கும் எடை கூடுதல். 1947 செப்டம்பர் 27இல் இந்தச் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆன பிறகும், பழைய வாசனை முழுக்கப் போய்விடவில்லை. பொறையாறு டி.பி.எம்.எல். கல்லூரி லுத்தரன், அந்தத் திருச்சபை சி.எஸ்.ஐ.யில் சேராத தனிச் சபை. கத்தோலிக்கக் கல்லூரியில் திருப்பலி (பூசை) உண்டு, அதை நடத்தும் துறவற சபையின் திருநாளும் உண்டு. சேசு சபைக் கல்லூரி என்றால் ஜூலை 31 இஞ்ஞாசியார் திருநாள், சலேசியர் என்றால் ஜனவரி 31 தொன் போஸ்கோ.

அழைப்பு முறையும் இதைப் பொறுத்ததுதான். சி.எஸ்.ஐ. சாப்ளினை (கல்லூரியின் போதகர்) ‘ஐயா’ அல்லது ‘பாஸ்டர்’ என்றால் சரி. திருநெல்வேலிப் பக்கத்து முதியவர்கள் ‘ஐயர்’ என்று சொன்னால் சபைக் குருவைத்தான் சொல்கிறார்கள், சாதியை அல்ல. கத்தோலிக்கத்தில் ‘ஃபாதர்’, ‘சிஸ்டர்’. மூத்த மாணவர்கள் அண்ணன், அக்கா.

சேப்பலுக்குள்

செருப்பை வாசலில் விடுவது பெரும்பாலான இடங்களில் வழக்கம். முன்னே போகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்யுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் பழக்கம் இன்னும் பல சேப்பல்களில் இருக்கிறது. பெண்கள் ஜெபத்தின்போது துப்பட்டாவைத் தலையில் போடுவதும் உண்டு. பாட்டுக்கும் சுவிசேஷ வாசிப்புக்கும் எழுந்து நிற்பார்கள். முழங்கால் போட விருப்பமில்லாதவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. முதல் வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். எப்போது எழவேண்டும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முன்னால் ஆள் இருக்காது.

திருவிருந்து நாளில் ஒரு சங்கடம் வரும். வரிசை நகரும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் நாமும் எழுந்துவிடுவோம். சி.எஸ்.ஐ. சபைகளில் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு) பெற்றவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். மற்றப் புராட்டஸ்டண்ட் சபைகளில் அப்படித் திருவிருந்து வாங்குபவரையும் பொதுவாக வரவேற்பார்கள், சாப்ளினிடம் முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். தெரியாமல் போய் அப்பத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதுதான் உண்மையில் மனதைப் புண்படுத்தும் தவறு.

இனி மொழி. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே வேதத்தை இரண்டு தமிழில் படிக்கிறார்கள். ஒருவருக்குச் ‘சங்கீதம்’, மற்றவருக்குத் ‘திருப்பாடல்’. ‘அப்போஸ்தலருடைய நடபடிகள்’ அங்கே ‘திருத்தூதர் பணிகள்’. ‘பிரசங்கி’ அங்கே ‘சபை உரையாளர்’. ஜெபம் செபமாகும், பரிசுத்த ஆவி தூய ஆவியாகும். ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெபவாரத்தில் வாசிக்கப் போனால், எந்த மொழிபெயர்ப்பு மேடையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘திருப்பாடல்கள் 23’ என்று தாளில் எழுதிக்கொடுத்திருக்க, கையில் இருக்கும் புத்தகத்தின் பொருளடக்கத்தில் அப்படி ஒன்றே இல்லாமல் விழிப்பது அடிக்கடி நடக்கும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும்போது ஒரு பாதி கூட்டம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றும் மறுபாதி ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றும் தொடங்கும். முடிவில் ஒரு பாதி நிறுத்திவிடும், இன்னொரு பாதி ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று போய்க்கொண்டிருக்கும். வழிநடத்துகிறவர் முன்கூட்டியே எந்த வடிவம் என்று சொல்லிவிட்டால் இந்தத் தடுமாற்றம் இல்லை.

உள்ளே நுழைய நல்ல வழி ஒரு வேலை

சின்னக் கல்லூரியில் பக்தியை யாரும் அளந்துகொண்டிருப்பதில்லை, ஆனால் ஆள் எப்போதும் போதாது. மூன்று வாரம் சேப்பலில் பின் பெஞ்சில் இருந்து பார்த்த பிறகு சாப்ளினிடமோ பொறுப்பு அண்ணனிடமோ போய் ‘எனக்கு ஏதாவது வேலை கொடுங்க’ என்று கேளுங்கள். பாட்டு எண் பலகை மாற்றுவது, காணிக்கைப் பை பிடிப்பது, மைக், நாற்காலி, பூ, ஸ்லைடு. மேடையில் பேசக் கூச்சப்படுகிறவருக்கும், நம்பிக்கை பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வராதவருக்கும் இதுதான் வசதி. நாற்காலி அடுக்குகிறவரிடம் யாரும் சாட்சி (தன் நம்பிக்கை அனுபவம்) சொல்லச் சொல்வதில்லை.

ஸ்லைடு வேலை சுலபமாகத் தோன்றும், சொதப்புவதும் அதுதான். பழைய பாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் திறந்தால் திரையில் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக வரும், கூட்டம் சிரிக்கும். யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், நேரமில்லையென்றால் பி.டி.எஃப். ஆக்கி எடுத்துப் போங்கள். ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பல்லவியை மறுபடி ஒட்டிவையுங்கள், பின்னோக்கிப் போய்த் தேடக்கூடாது. வழிபாடு தொடங்க அரை மணி முன்னால் அதே புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வாசிப்பு கிடைத்தால் முந்தின நாள் மூன்று தரம் சத்தமாகப் படியுங்கள், அதில் ஒரு தரம் சேப்பலிலேயே. மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நில்லுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் ஊளையிடும். ஊர்ப்பேர்களையும் ஆட்பேர்களையும் பென்சிலால் பிரித்து எழுதிவையுங்கள்.

குழுக்கள்

முதல் மாதத்தில் நான்கைந்து பேர் வந்து கூப்பிடுவார்கள். எல்லாமே ‘ஃபெல்லோஷிப்’ என்றுதான் சொல்லும், ஆனால் ஒன்றல்ல. இ.யு. (இவாஞ்சலிகல் யூனியன்) என்பது 1954இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. என்ற அகில இந்திய மாணவர் அமைப்பின் கல்லூரிக் குழு. மாணவர்களே நடத்துவது, வேதபாடமும் தனிப்பட்ட தியான நேரமும் நண்பர்களிடம் நம்பிக்கையைப் பகிர்வதும் அதன் அச்சாணி. எஸ்.சி.எம். (மாணவர் கிறிஸ்தவ இயக்கம்) 1912இலிருந்து இருக்கிறது. சாதி, பாலினம், சுற்றுச்சூழல் என்று சமூகக் கேள்விகளோடு வேதத்தை வாசிப்பவர்கள், சபை பேதம் பார்க்காதவர்கள். கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஐக்கஃப் (அகில இந்திய கத்தோலிக்க மாணவர் அமைப்பு), 1924இல் தொடங்கியது, கிராம முகாம்களுக்கும் சமூக ஆய்வுக்கும் பேர்போனது. இவை தவிர ஜெபக்குழுக்கள், உள்ளூர் சபைகளின் வாலிபர் கூட்டங்கள். எதிலும் உடனே பேர் கொடுக்காமல் ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் உட்கார்ந்து பாருங்கள். கேள்வி கேட்டால் எப்படிப் பதில் வருகிறது என்பதைக் கவனியுங்கள், பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குறுங்குழு வேதபாடம் நடத்தும் பொறுப்பு இரண்டாம் வருடத்தில் வரலாம். ஆறிலிருந்து எட்டுப் பேர், நாற்பத்தைந்து நிமிடம். பகுதியைச் சுற்றி வாசிக்கப் பத்து நிமிடம், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பதினைந்து, என்ன பொருள் என்று பேசப் பத்து, நாம் செய்வது என்ன என்பதற்கு ஐந்து, மீதி ஜெபத்துக்கு. கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: நடத்துகிறவர் பிரசங்கம் செய்ய ஆரம்பிப்பார். ‘ஆமா’, ‘இல்ல’ என்று பதில் வரும் கேள்விகளைத் தயார்செய்து வருவதும் ஒரு நோய். ‘இந்த இடத்தில் அவர் ஏன் அழுகிறார்?’ என்பது போலக் கேட்டுவிட்டு இருபது விநாடி மௌனத்தைத் தாங்கிக்கொண்டால் யாராவது பேசுவார்கள்.

வெளியாட்கள் நடத்தும் வேதபாடங்களில் மட்டும் கவனம் தேவை. எந்தச் சபை என்று நேராகச் சொல்ல மாட்டார்கள், வீட்டில் சொல்ல வேண்டாம் என்பார்கள், ஸ்காலர்ஷிப் பணத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கேட்பார்கள், வராத நாளில் பத்துமுறை போன் பண்ணுவார்கள். இதில் இரண்டு பொருந்தினாலே விலகிவிட்டுச் சாப்ளினிடம் சொல்லுங்கள். முழு இரவு ஜெபத்துக்கு வேறு எச்சரிக்கை: மறுநாள் காலை வேதியியல் ஆய்வகம் இருந்தால் போகாதீர்கள். தூக்கம் சொக்குகிற கையால் அமிலத்தை ஊற்றக் கூடாது.

விடுதி

விடுதி ஜெபம் சாயங்காலம், சாப்பாட்டு மணிக்கு முன்னால். வருகைப் பதிவும் அதோடு எடுப்பார்கள், பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் என்பது வார்டனுக்கும் தெரியும். அறைவாரியாக முறை வரும். உங்கள் அறை முறை வந்தால் ஒரு பாட்டு, பத்து வசனத்துக்கு மேற்படாத ஒரு வாசிப்பு, இரண்டு நிமிட ஜெபம். பசியோடு நூறு பேர் நிற்கிறார்கள் என்பதை மறந்து பதினைந்து நிமிடம் ஜெபித்த அறைக்கு வருடம் முழுக்கப் பட்டப்பெயர் நிற்கும். அறையில் கிறிஸ்தவர் யாரும் இல்லையென்றால் ஒரு நல்ல சிந்தனையை வாசிக்க விடுவார்கள், வார்டனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு வெளியே போக கேட் நோட்டில் பேர், சபை, நேரம் எழுதவேண்டும். சபை பேரை எழுதிவிட்டுச் சினிமாவுக்குப் போவது பழைய வித்தை. சின்ன ஊரில் அது மத்தியானத்துக்குள் வார்டன் காதுக்குப் போய்விடும், ஏனென்றால் அதே சபையில் கல்லூரிப் பேராசிரியர் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

லெந்து நாட்களில் (கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள்) சிலர் புலால் ஒதுக்குவார்கள், சிலர் வெள்ளிக்கிழமை ஒருவேளை சாப்பிட மாட்டார்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறு நீக்கி நாற்பது நாள். உபவாசம் இருப்பதானால் மெஸ் பொறுப்பாளரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சமைத்த பிறகு சொன்னால் சோறு வீணாகும். மற்றவர் உபவாசம் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு திரியாதீர்கள். சர்க்கரை நோய், ரத்தசோகை உள்ளவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது வேண்டாம்.

அறைத்தோழர் வேறு மதம் என்றால் முதல் வாரத்திலேயே மூன்றைப் பேசிவிடுங்கள்: அலாரம் எத்தனை மணிக்கு, பாட்டுக்கு இயர்போனா ஸ்பீக்கரா, சுவரில் எந்தப் படம் எங்கே. சண்டையில் பெரும்பங்கு இறையியலில் வருவதில்லை, காலை ஐந்து மணி ஸ்பீக்கரில்தான் வருகிறது.

டிசம்பர்

இந்தக் கல்லூரிகளின் ஒரு வருடம் முழுக்க டிசம்பரை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. சிக்கலும் அங்கேதான்: நவம்பரில் செமஸ்டர் தேர்வு, கிறிஸ்மஸுக்கு இரண்டொரு நாள் முன்னால் கல்லூரி மூடிவிடும், நடுவில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு பயிற்சி நாட்கள். எனவே கேரல் பாட்டுகளை (கிறிஸ்மஸ் பாட்டுகள்) அக்டோபரிலேயே எடுத்து, குரல் பிரித்துப் பாதியாவது முடித்துவைத்திருக்க வேண்டும்.

பாடகர் குழுவில் சேர இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்ட சுரத்தைத் திருப்பிப் பாட முடிகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இருபத்துநான்கு பேர் குழு என்றால் பெண்குரலில் உயர்ந்த சோப்ரானோ எட்டு, தாழ்ந்த ஆல்டோ ஆறு, ஆண்குரலில் உயர்ந்த டெனர் நான்கு, தாழ்ந்த பேஸ் ஆறு என்பது நல்ல கணக்கு. டெனர் எப்போதும் பஞ்சம். உயர்ந்த குரல் உள்ள பையன் ஒருவன் முதல் வருடத்தில் அகப்பட்டால் மூன்று வருடம் விடமாட்டார்கள். பழைய தாள்கள் டானிக் சோல்ஃபாவில் இருக்கும்: டோ, ரே, மி, ஃபா என்ற சுரப்பேர்களின் முதலெழுத்துகள், தாளத்துக்கு முக்காற்புள்ளி, இழுப்புக்குச் சிறு கோடு. இரண்டு வாரத்தில் பழகிவிடும், ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைவிடச் சுலபம். ஒன்றேகால் மணிப் பயிற்சியில் நாற்பது நிமிடம் குரல்வாரியாகப் பிரிந்து பாடுங்கள், சேர்ந்து பாடுவது கடைசி இருபத்தைந்து நிமிடம் போதும். பக்கவாத்தியம் இல்லாத பாட்டில் மூன்றாவது சரணத்துக்குள் சுருதி அரைச் சுரம் இறங்கிவிடும். மூச்சு தீர்ந்து வாக்கியக் கடைசியில் தொங்குவதுதான் காரணம். மூச்சு எடுக்கும் இடங்களைத் தாளில் குறித்து, மெதுவான சத்தத்தில் பாடிப் பழகினால் நிற்கும். மின்வெட்டில் கீபோர்டு போய்விட்டால் சுருதி எடுக்க ஒரு பிட்ச் பைப் வைத்திருங்கள்.

கேரல் ஆராதனை பல இடங்களில் ஒன்பது வாசிப்பு முறையில் நடக்கும். 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918இலிருந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி வழியாகப் பரவிய வடிவம். ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்தில் தொடங்கி யோவான் முதல் அதிகாரத்தில் முடியும். வாசிப்பவர்கள் இளையவரிலிருந்து மூத்தவர் வரை ஏறிப்போவார்கள் என்பதால் முதல் வாசிப்பு முதலாண்டு மாணவருக்கும் ஒன்பதாவது முதல்வருக்கும் வருவது இயல்பு. கேட்டால் கிடைக்கும், கேட்பவர்கள் குறைவு.

மெழுகுவர்த்தி நேரத்துக்கு ஒரே விதிதான்: எரிகிற திரி நேராக நிற்கவேண்டும், எரியாத மெழுகுவர்த்தி சாய்ந்துவந்து நெருப்பை வாங்கவேண்டும். எரிவதைச் சாய்த்தால் உருகின மெழுகு பக்கத்தில் இருப்பவர் கையில் விழும். ஒவ்வொன்றுக்கும் அடியில் காகித வட்டம் செருகுங்கள். முந்நூறு பேர் என்றால் முந்நூற்று இருபது வாங்குங்கள், உடைந்தது கொஞ்சம் இருக்கும். இரண்டு நிமிடம் முன்னால் மின்விசிறிகளை அணைக்க ஒரு ஆள், மணல் வாளியோடு இருவர். துப்பட்டாவையும் முன்னால் விழும் கூந்தலையும் ஒதுக்கச் சொல்லி ஒரு அறிவிப்பு.

கேரல் ரவுண்ட்ஸ் வேறு. அது ஆராதனை இல்லை, வீடுவீடாகப் போவது. விடுதி, பேராசிரியர் குடியிருப்பு, பக்கத்துத் தெருக்கள். ஒழுங்கு இப்படி:

1. ஒரு வாரம் முன்னால் வீட்டுப் பட்டியல் எடுத்து ஒவ்வொரு வீட்டிலும் வரலாமா என்று கேளுங்கள். அந்த வருடம் துக்கம் நடந்த வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் வீடு எது என்று தெரியவரும்.

2. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம்: இரண்டு பாட்டு, நான்கு வசனம், ஒரு ஜெபம். நடக்கும் நேரமும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு வீடு. இருபது வீடு என்று போட்டால் கடைசி வீட்டுக்குப் போகும்போது தூங்கியிருப்பார்கள்.

3. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2000ஆம் வருட ஒலி மாசு விதிகள் அப்படி. பெரிய டிரம்மையும் அந்த நேரத்துக்கு முன்னால் மூட்டைகட்டுங்கள்.

4. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. கிடாருக்கும் பாட்டுத் தாளுக்கும் பிளாஸ்டிக் உறை, டார்ச் நான்கு.

5. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடுபவருக்கு முகமூடிக்குள் மூச்சு முட்டும், வியர்க்கும். மூன்று வீட்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். முகமூடியைப் பார்த்து அழும் குழந்தை முன்னால் அதைக் கழற்றிவிடுங்கள்.

6. காணிக்கை டப்பாவைப் பூட்டி இருவர் வைத்திருக்கவேண்டும். அதே ராத்திரி, சாப்ளினோ பேராசிரியரோ முன்னால், மூன்று பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள். எதற்குப் போகிறது என்பதை முதல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ‘காலையில் எண்ணலாம்’ என்று அறையில் வைத்த டப்பாவால்தான் நட்பு முறியும்.

எல்லா வீட்டிலும் கேக்கும் முறுக்கும் காபியும் தருவார்கள். எல்லா வீட்டிலும் சாப்பிட்டால் ஏழாவது வீட்டுக்குமேல் பாட்டு வராது. பையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட் விளையாட்டு விடுதிகளில் டிசம்பர் முதல் வாரம் தொடங்கும். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று ரகசியமாக எடுத்து, தினம் ஒரு சின்ன வேலை கொடுத்து, கடைசி நாள் பரிசோடு முகம் காட்டுவது. பரிசுக்கு நூற்றைம்பது ரூபாய் என்பதுபோல உச்சவரம்பு வையுங்கள். கொடுக்கிற வேலைகளைப் பொறுப்பாளர் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவேண்டும். ‘கேன்டீன் அண்ணனுக்கு ஒரு பாட்டு பாடு’ என்பது விளையாட்டு. ஒருவர் உடலையோ நிறத்தையோ சாதியையோ வைத்துக் கேலி செய்யும்படி வேலை கொடுப்பது ராகிங். தமிழ்நாட்டில் அதற்கு 1997ஆம் வருடச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. யு.ஜி.சி.யின் ராகிங் உதவி எண் 1800-180-5522.

சொல்லாமல் விடக்கூடாத இரண்டு

‘எந்த ஊரு? எந்தச் சபை?’ என்ற கேள்வி முதல் வாரத்தில் பத்துமுறை வரும். பாதி அக்கறை. மீதி, சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பது. தமிழ்க் கிறிஸ்தவத்தில் ஊரும் சபையும் சேர்ந்தால் சாதி தெரிந்துவிடும் என்று கேட்பவருக்கும் தெரியும். மாவட்டப் பேரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது அநாகரிகமல்ல. விடுதித் தேர்தலிலும் பாடகர் குழுவிலும் ஒரே பகுதி ஆட்களே எல்லாப் பொறுப்பிலும் உட்கார்ந்திருந்தால் அதைச் சாப்ளினிடம் பேசுங்கள், முடிந்தால் இருவராகப் போய்.

மற்றது அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் சபைத் திருநாள்) ஏலம். தேங்காயும் வாழைத்தாரும் கோழியும் சந்தை விலைக்குச் சம்பந்தமில்லாத தொகைக்குப் போகும், அது காணிக்கை என்பதால். கூட்டத்தில் யாரையோ கூப்பிடக் கையைத் தூக்கினால் ஏலம் உங்கள் பேரில் விழுந்துவிடும். பையில் ஐம்பது ரூபாயோடு பின்னால் நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

மார்ச்சில் ஒப்படைப்பு

மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள் முடிந்ததும் மூன்றாமாண்டுக்காரர்கள் தேர்வுக்குள் போய்விடுவார்கள். அதற்குள் அவர்களிடமிருந்து வாங்கவேண்டியதை வாங்கிவிடுங்கள்: சேப்பல் அலமாரிச் சாவி, ஸ்லைடு கோப்புகள் உள்ள பென்டிரைவ், கேரல் வீட்டுப் பட்டியல், குரல்வாரிப் பாட்டுத் தாள்கள், மைக் ரிப்பேர் செய்பவரின் நம்பர், கணக்கு நோட்டு. நேரில் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள். மிச்ச மெழுகுவர்த்திகளைக் காகிதத்தில் சுற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள். ஏப்ரல், மே வெயிலில் மேல்தட்டில் வைத்தவை வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.